கார் ஏசியின் வால்வு இணைப்புகள்: அரை கிலோ வாயுவை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பது எப்படி?

வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் ஓடும் குழாய்கள் ஆரம்பம் முதல் இறுதி வரை பற்றவைத்து மூடப்பட்டவை. அதனால்தான் ஒரு முறைகூட வாயு நிரப்பாமல் அது பல ஆண்டுகள் ஓடிவிடுகிறது. காரின் ஏசியை அப்படி மூட முடியாது. கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து அதிர்கிறது. கண்டென்சர் வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. எவாப்பரேட்டர் டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வண்டியில் ஏற்றப்பட்டு, பிறகு குழாய்களால் சேர்க்கப்படுகின்றன. பழுது வந்தால் கழற்றவும் வேண்டும். எனவே கழற்றி மாட்டக்கூடிய இணைப்புகள் தவிர்க்க முடியாதவை. அப்படிப்பட்ட ஒவ்வோர் இணைப்பும் வாயு வெளியேறக்கூடிய ஒரு வாசல்.

ஒரு சாதாரண காரில் குளிர்பதனி, அதாவது ஏசிக்குள் சுற்றிவரும் வாயு, அரை கிலோவுக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, ஒரே எவாப்பரேட்டர் உள்ள அமைப்பிலிருந்து ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக்கூடாது என்று வரம்பு வைத்தது. இரண்டு எவாப்பரேட்டர் இருந்தால் 60 கிராம். அந்த 40 கிராமுக்குள் கம்ப்ரசர் தண்டின் சீல், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியே ஊடுருவும் வாயு, எல்லா இணைப்புகள் என அனைத்தும் அடங்கியாக வேண்டும். ஆகவே தனியொரு இணைப்புக்குக் கிடைக்கும் பங்கு ஓரிரு கிராம்தான். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத கசிவு அது. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், வடிவமைப்பாளர்கள் ஏன் ஒரு போல்ட்டுக்கும் ஒரு ரப்பர் வளையத்துக்கும் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது புரியும்.

முதலில் சுற்று. கம்ப்ரசர் குளிர்பதனி ஆவியை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளையைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று விழுந்து, திரவம் கொதிக்கத் தொடங்குகிறது. எவாப்பரேட்டரில் அது முழுக்க ஆவியாகும்போது வண்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரசர். ஏசி ஓடும்போது ஆர்-134ஏ குளிர்பதனியில் உயரழுத்தப் பக்கம் ஏறத்தாழ 10 முதல் 17 பார் வரையும், தாழ்வழுத்தப் பக்கம் 2 பாரை ஒட்டியும் இருக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்; இந்த எண்கள் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று காட்டுபவை.

இந்த எண்களைப் பார்த்ததும் ஒரு தவறான முடிவு எளிதில் வந்துவிடும்: தாழ்வழுத்தப் பக்கத்து இணைப்புகள் லேசாக இருந்தால் போதும் என்று. வண்டியை வெயிலில் நிறுத்தி இன்ஜினை அணைத்த பின் நடப்பதை யோசித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் இரு பக்கங்களும் சமமாகிவிடும். அமைப்பில் திரவம் கொஞ்சமேனும் மிச்சம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. ஆர்-134ஏ 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2.9 பார் தனியழுத்தம் (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்த அளவு) காட்டும். 60 டிகிரியில் அதுவே 16.8 பார் ஆகிவிடும். அதாவது, ஓடும்போது 2 பார் தாங்கிக்கொண்டிருந்த இணைப்பு, வண்டி நிற்கும்போது 15 பாருக்கு மேல் தாங்க வேண்டும்.

தாழ்வழுத்தக் குழாய் அகலமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்-134ஏ திரவம் 50 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1100 கிலோ. 0 டிகிரி ஆவி 14 கிலோவுக்குச் சற்று மேல். அதே எடைக் குளிர்பதனி, ஆவியாகத் திரும்பும்போது எழுபது மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. அதனால்தான் திரவக் குழாய் 8 மி.மீ. அளவில் போதுமாக இருக்க, திரும்பும் குழாய் 16 முதல் 19 மி.மீ. வரை போகிறது. இப்போது கணக்குப் போடலாம். 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு சீலின் மீது 16 பார் தள்ளினால் விசை ஏறத்தாழ 125 நியூட்டன். 16 மி.மீ. சீலின் மீது அதே அழுத்தம் 320 நியூட்டன், அதாவது 30 கிலோவுக்கு மேற்பட்ட எடை. தாழ்வழுத்தம் என்று பெயர் பெற்ற பக்கம்தான் நின்றிருக்கும் வண்டியில் அதிக விசை தாங்குகிறது.

உலோகத்தின் வேலை, ரப்பரின் வேலை

வால்வு இணைப்பு வடிவமைப்பின் அடிப்படை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பாரத்தை உலோகம் தாங்க வேண்டும், கசிவை ரப்பர் அடைக்க வேண்டும்; ஒன்றின் வேலை மற்றொன்றின் மீது விழக்கூடாது. கசியும் இணைப்புகளை ஆராய்ந்தால், பெரும்பாலும் இந்தப் பிரிவினை எங்கோ குலைந்திருக்கும்.

ரப்பரின் பங்கை, உலோகத்தில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் செய்கிறது. ஓ-ரிங் நசுக்கப்படும்போது தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று, இரு உலோகப் பரப்புகளையும் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதல்தான் அடைப்பு. உள்ளிருந்து வாயு அழுத்தும்போது வளையம் பள்ளத்தின் எதிர்ச்சுவரோடு ஒட்டி இன்னும் இறுகுகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடும் என்பது இந்தச் சிறு வளையத்தின் பெரிய குணம்.

எவ்வளவு நசுக்க வேண்டும்? நகராத இணைப்புகளில் வளையத்தின் தடிமனில் 15 முதல் 25 சதவீதம் வரை என்பது வழக்கமான அளவு. 2 மி.மீ. தடிமனுள்ள வளையத்தில் 20 சதவீதம் என்றால் 0.4 மி.மீ.தான். துளையின் விட்டம், பள்ளத்தின் ஆழம், வளையத்தின் தடிமன் மூன்றிலும் உற்பத்தியின்போது சிறு அளவு வேறுபாடு இருக்கும். மூன்றும் கெட்ட திசையில் சேர்ந்துகொண்டால் இந்த 0.4 மி.மீ.யில் பாதி காணாமல் போய்விடும். எனவே வரைபடத்தில் சராசரி அளவைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. மிக மோசமான சேர்க்கையில் எவ்வளவு நசுக்கம் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். மறுபுறம், பள்ளத்தை வளையத்தால் முழுவதும் நிரப்பிவிடவும் கூடாது. ரப்பர் சூட்டில் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும், குளிர்பதனியையும் எண்ணெயையும் உறிஞ்சிச் சற்று உப்பவும் செய்யும். பள்ளத்தின் கொள்ளளவில் 85 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. விரிய இடம் இல்லாத ரப்பர் விளிம்பின் இடுக்கில் பிதுங்கி வெட்டுப்படும்.

வளையத்தை எங்கே வைப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு தட்டையான முகங்களுக்கு நடுவே வைத்து போல்ட்டை முடுக்கி நசுக்குவது. மற்றொன்று, குழாயின் மூக்கைச் சுற்றி வளையத்தைப் போட்டு, அந்த மூக்கைத் துளைக்குள் செருகுவது. முதல் வழியில் நசுக்கம் முடுக்கத்தைப் பொறுத்தது. போல்ட் தளர்ந்தால், முகம் சாய்ந்தால், அடைப்பும் தளரும். இரண்டாவது வழியில் நசுக்கத்தைத் தீர்மானிப்பது துளையின் விட்டமும் மூக்கின் விட்டமும்தான். போல்ட்டின் வேலை மூக்கு வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. இணைப்பு ஒரு பக்கம் 0.1 மி.மீ. தூக்கினால்கூட வளையம் அதைக் கவனிப்பதில்லை. எக்ஸ்பேன்ஷன் வால்வு போன்ற, கை நுழையாத இடத்து இணைப்புகளுக்குச் செருகு வகைதான் என் தேர்வு. உலோக வட்டின் விளிம்பில் ரப்பர் ஒட்டிய தட்டை வாஷர்கள் பல வண்டிகளில் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவை முகங்களின் சமதளத்தையும் முடுக்க அளவையும் கண்டிப்பாகக் கேட்பவை.

செருகு வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு: மாட்டும்போது வளையம் வெட்டுப்படுவது. துளையின் வாயில் 15 முதல் 20 டிகிரி வரை சரிவு கொடுத்து, கூர் விளிம்புகளை மழுக்கி, வளையத்துக்குக் குளிர்பதன எண்ணெய் தடவினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். துளையின் உட்சுவர் வழவழப்பாக இருப்பதும் அவசியம். கடைசல் இயந்திரம் சுற்றுவட்டமாக விடும் மெல்லிய கோடுகள் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. நீளவாக்கில் விழுந்த ஒரே ஒரு கீறல் போதும், உள்ளிருந்து வெளியே வாயுவுக்குப் பாதை போட்டுவிடும்.

நான்கு துளைகள் உள்ள கட்டை

கார்களில் மிகப் பரவலாக உள்ள எக்ஸ்பேன்ஷன் வால்வு ஒரு சிறிய அலுமினியக் கட்டை. அதற்குள் இரண்டு பாதைகள். கீழ்ப்பாதையில் உயரழுத்தத் திரவம் வந்து, நுண்துளை வழியே அழுத்தம் இழந்து, எவாப்பரேட்டருக்குப் போகும். மேல்பாதையில் எவாப்பரேட்டரிலிருந்து திரும்பும் ஆவி கடந்து போகும். மேல்பாதையின் குறுக்கே நிற்கும் உணர்தண்டு அந்த ஆவியின் வெப்பநிலையை அறிந்து, தலையில் உள்ள உதரவிதானத்தின் (வளைந்துகொடுக்கும் மெல்லிய தகட்டின்) வழியாகக் கீழே இருக்கும் நுண்துளையைத் திறந்து மூடுகிறது. எவாப்பரேட்டரிலிருந்து திரவம் சொட்டாக வெளியே வராமல், கொதிநிலையைவிடச் சில டிகிரி மிகைச்சூடேறிய ஆவியாகவே வர வேண்டும் என்பது அதன் குறிக்கோள். திரவம் கம்ப்ரசருக்குள் புகுந்தால் கம்ப்ரசர் சேதமடையும்.

ஆக, ஒரே கட்டையில் நான்கு சீல்கள்: இரண்டு எவாப்பரேட்டர் பக்கம், இரண்டு இன்ஜின் பக்கம். இன்ஜின் பக்கத்தில் இரண்டு குழாய்களையும் ஒரே தட்டில் பிடித்து, நடுவில் ஒரே போல்ட் போட்டு முடுக்குவது பரவலான முறை. வேலை சுலபம், ஒரே முடுக்கம். ஆனால் இரண்டு மூக்குகளும் இரண்டு துளைகளுக்குள் ஒரே சமயத்தில் நுழைய வேண்டும். தட்டில் குழாய்களின் இடைவெளியும் கட்டையில் துளைகளின் இடைவெளியும் துளி வேறுபட்டாலும் ஒரு வளையம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நசுங்கும். இதற்காகப் பல வடிவமைப்பாளர்கள் ஒரு குழாயை மட்டும் தட்டில் இறுக்கமாகப் பொருத்தி, மற்றதைச் சற்றே நகரும்படி விடுகிறார்கள். அது நல்ல யோசனை என்பது என் எண்ணம். இரண்டையும் விறைப்பாகப் பிடித்துவிட்டு, அளவுகளைக் கடுமையாக்கிக் காசைக் கொட்டுவதைவிட இது அறிவான வழி.

போல்ட்டின் கணக்கையும் பார்த்துவிடலாம். 6 மி.மீ. போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் முடுக்கினால், அது ஏறத்தாழ 8000 நியூட்டன் விசையோடு இரு பகுதிகளையும் இழுத்துப் பிடிக்கும். வாயு தள்ளுவதோ சில நூறு நியூட்டன். பலம் தாராளமாக இருக்கிறது. பிறகு ஏன் இணைப்புகள் தளர்கின்றன? ஒற்றைக் குழாய்க் கட்டைகளில் போல்ட் குழாயின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும். அதை முடுக்கும்போது போல்ட்டுக்கு அருகிலுள்ள பகுதி அழுந்தி, குழாய்ப் பக்கம் தூக்கப் பார்க்கும். இதைத் தடுக்க, போல்ட்டின் மறுபுறத்தில் கட்டையின் அடியில் சிறு மேடு ஒன்று விடுவார்கள். கட்டை அந்த மேட்டை ஊன்றிக்கொள்வதால் போல்ட்டின் விசை குழாய் இருக்கும் பக்கத்துக்கும் போய்ச் சேர்கிறது. இரண்டாவது காரணம், அலுமினியத்தின் மென்மை. எஃகு போல்ட்டுக்கு அலுமினியத்தில் வெட்டிய மரை, போல்ட்டின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் இருந்தால்தான் உரியாமல் நிற்கும். ஒரே போல்ட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும்போது இது முக்கியம். மூன்றாவது, அரிப்பு. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். போல்ட்டுக்குத் தகுந்த பூச்சும், தண்ணீர் தேங்காத வடிவமும் வேண்டும். வளையத்துக்கு வெளியே தேங்கும் உப்புநீர் மெதுவாகப் பள்ளத்தின் பரப்பை அரித்துவிட்டால், ரப்பர் நன்றாக இருந்தும் வாயு போய்விடும்.

அதிர்வு தனி விஷயம். இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுகிறது, உடற்பகுதி ஆடுவதில்லை. இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் அந்த ஆட்டத்தை விழுங்க வேண்டும். ஹோஸ் போதிய நீளமில்லாமல் விறைத்துக்கொண்டால் ஆட்டம் முழுவதும் வால்வின் இணைப்பில் வளைவுச் சுமையாக இறங்கும். இணைப்புக்கு அருகில் குழாயை உடற்பகுதியோடு பிடிக்கும் கிளாம்ப் ஒன்று இருந்தால் அந்தச் சுமை வால்வை எட்டாது. கிளாம்ப்பின் இடம் தவறாக இருந்து, குழாயை வளைத்து வம்படியாகப் பொருத்த வேண்டி வந்தால் பயன் தலைகீழாகும். அப்போது வண்டி நிற்கும் நேரத்திலும் இணைப்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

வழியில் குளிர்பதனி சந்திக்கும் தடையையும் மறந்துவிடக்கூடாது. திரும்பும் ஆவியின் தனியழுத்தம் 3 பாரை ஒட்டியது. அங்கே கூர்மையான திருப்பமோ குறுகிய மூக்கோ 0.2 பார் தின்றுவிட்டால், கம்ப்ரசருக்குள் நுழையும் ஆவியின் அடர்த்தி ஏறத்தாழ 7 சதவீதம் குறையும். குளிர்ச்சியும் அதே அளவு குறையும். உயரழுத்தப் பக்கத்தில் அதே 0.2 பார் பெரிதாகத் தெரியாது.

வாயு நிரப்பும் வாய்

சர்வீஸ் போர்ட் எனப்படும் நிரப்பு வாய்களில் உள்ளது, சைக்கிள் டயரில் நாம் பார்க்கும் வால்வின் தத்துவம்தான்: சுருள்வில் மூடி வைத்திருக்கும், நடுவில் உள்ள ஊசியை அழுத்தினால் திறக்கும். தத்துவம் ஒன்றாக இருந்தாலும் டயர் வால்வை இங்கே போடக்கூடாது. அதன் ரப்பர் குளிர்பதனிக்கும் எண்ணெய்க்கும் ஏற்றதல்ல.

இந்த வாய்களின் வடிவில் ஒரு நேர்த்தியான சிந்தனை இருக்கிறது. ஆர்-12 என்ற பழைய குளிர்பதனி ஓடிய வண்டிகளில் மரையுள்ள வாய்கள் இருந்தன. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர்-134ஏ வந்தபோது, மரையில்லாமல் சொடுக்கி மாட்டும் வாய்கள் வந்தன. தாழ்வழுத்த வாய் 13 மி.மீ., உயரழுத்த வாய் 16 மி.மீ. தாழ்வழுத்தக் கருவி உயரழுத்த வாயில் உட்காராது. சிறு டப்பாவிலிருந்து வாயு நிரப்ப முயல்பவர் தெரியாமல் அதை உயரழுத்தப் பக்கத்தில் இணைத்தால் டப்பா வெடிக்கலாம். இந்த 3 மி.மீ. வேறுபாடு அதைத் தடுக்கிறது. ஆர்-1234ஒய்எஃப் என்ற புதிய குளிர்பதனி வந்தபோது மறுபடியும் வேறு வடிவம். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் பழைய வாயுவோடு கலந்துவிடக்கூடாது. இந்த வாய்களின் அளவுகளையும் பாதுகாப்புத் தேவைகளையும் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே639 தரநிலை வகுத்திருக்கிறது. எச்சரிக்கை எழுதி ஒட்டுவதைவிடத் தவறான கருவி பொருந்தவே முடியாத வடிவம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

நிரப்பு வாயின் பிளாஸ்டிக் மூடியைத் தூசி மூடி என்று நினைத்துப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். பல வடிவங்களில் அதற்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் உண்டு. நுண்கசிவைக் கடைசியாக அடைப்பது அதுதான்; உள்ளே ஊசி வால்வு இருப்பது, கருவியைக் கழற்றும் கணத்தில் வாயுவைப் பிடித்து நிறுத்தத்தான்.

எந்த ரப்பர்?

ஆர்-12 காலத்தில் கனிம எண்ணெய் ஓடியது, சாதாரண நைட்ரைல் ரப்பர் போதுமாக இருந்தது. ஆர்-134ஏவோடு பிஏஜி எனப்படும் செயற்கை எண்ணெய் வந்தது; அதைத் தாங்க ஹெச்என்பிஆர் எனப்படும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் பரவலானது. பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். ஆனால் நிறம் தரத்துக்குச் சான்று அல்ல. பிஏஜி எண்ணெய் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அந்த ஈரம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கலாம், எண்ணெயோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும் அமிலமும் உருவாகலாம். இணைப்புகளின் மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மின்சார கார்களில் கம்ப்ரசரின் மோட்டார் குளிர்பதனிக்குள்ளேயே இருப்பதால், மின்காப்பு நன்றாக உள்ள பிஓஇ என்ற வேறொரு செயற்கை எண்ணெய் பரவலாகப் பயன்படுகிறது. அங்கே வளையத்துக்குத் தடவும் ஒரு துளி பிஏஜி எண்ணெய்கூட உள்ளே போகக்கூடாது.

கார்பன் டை ஆக்சைடை, அதாவது ஆர்-744ஐக் குளிர்பதனியாக வைத்தால் இதுவரை சொன்ன அளவுகள் எல்லாம் மாறிவிடும். உயரழுத்தப் பக்கம் 100 பாரைத் தாண்டும். அதன் சிறு மூலக்கூறுகள் ரப்பருக்குள் கரைந்து ஊடுருவும். அழுத்தம் திடீரென்று விழுந்தால் உள்ளே கரைந்திருந்த வாயு விரிந்து ரப்பரைக் கொப்புளமாக்கிக் கிழித்துவிடும். அதனால் அந்த அமைப்புகளில் உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைக்கும் சீல்களைத் தேடுகிறார்கள்.

மின்சார கார்களில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அங்கே ஏசி சுற்று பேட்டரியையும் குளிர்விக்க வேண்டும், குளிர்காலத்தில் திசை மாறி வண்டியைச் சூடாக்கவும் வேண்டும். மின்னணு எக்ஸ்பேன்ஷன் வால்வுகள், அடைப்பு வால்வுகள், ஒருவழி வால்வுகள் என்று எண்ணிக்கை ஏறுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயால் இணைத்தால் சீல்களின் எண்ணிக்கை பல மடங்காகும், கசிவின் வரம்போ அப்படியே இருக்கும். எனவே ஒரே அலுமினியக் கட்டைக்குள் பாதைகளைக் குடைந்து, வால்வுகளை அதிலேயே செருகிவிடுகிறார்கள். குழாய்கள் குறைகின்றன, வெளிக்கசிவு வழிகளும் குறைகின்றன. ஆனால் புதிய சிக்கல்கள் உண்டு: சூடான பாதையும் குளிர்ந்த பாதையும் ஒரே உலோகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் வெப்பம் குறுக்கே தாவும், வால்வுக்குள்ளேயே உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்குக் கசிந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் குளிர்ச்சி மட்டும் குறையும். கட்டையில் பாதைகளுக்கு நடுவே உலோகத்தைக் குடைந்தெடுத்து வெப்பத்தின் குறுக்கு வழியை வெட்டலாம். ஒவ்வொரு வால்வும் தன் வளையங்களோடு தனியாகக் கழன்று வரும்படி அமைத்துவிட்டால், ஒரு வால்வு பழுதானதற்காகக் கட்டை முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.